சியரா ஆன்-லைன் கேம்களில் எதை முதலில் எடுப்பது? நான்கு தொடர்களின் ஒப்பீடு

அமெரிக்க நிறுவனமான சியரா ஆன்-லைனின் பழைய அட்வென்ச்சர் கேம்களை, அதாவது புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் கணினி விளையாட்டுகளை, ஒரு தடவையாவது ஆடிப் பார்க்கலாம் என்று கடைப்பக்கத்தைத் திறப்பவர்கள் உடனே திகைத்துப் போகிறார்கள். ஏழெட்டுத் தொடர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பல பாகங்கள். சில பாகங்களுக்குப் பழைய வடிவம் ஒன்றும் புதுப்பித்த வடிவம் ஒன்றும் வேறு. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால், "கிங்ஸ் குவெஸ்ட் முதல் பாகத்திலிருந்து வரிசையாகப் போங்கள்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1984-ல் வந்த அந்த முதல் பாகத்தில் செய்ய நினைப்பதையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும். செடியில் ஏறும்போது ஒரு அடி விலகினால் கீழே விழுந்து சாவு. ஒரு குள்ளனின் பெயரைச் சொல்வதற்கு, ஆங்கில எழுத்து வரிசையையே ஏ-க்குப் பதில் இசட் என்று தலைகீழாகப் புரட்டி எழுத வேண்டும். அதன் வரலாற்று மதிப்பு மிகப் பெரியது. ஆனால் முதல் சந்திப்புக்கு அது சரியான இடம் இல்லை.

அதனால் இங்கே நான்கு தொடர்களை எடுத்துக்கொள்கிறேன்: கிங்ஸ் குவெஸ்ட், ஸ்பேஸ் குவெஸ்ட், குவெஸ்ட் ஃபார் குளோரி, கேப்ரியல் நைட். போலீஸ் குவெஸ்ட், லெஷர் சூட் லாரி இரண்டையும் கடைசியில் சுருக்கமாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, மவுஸா தட்டச்சா என்பது. 1980-களின் சியரா கேம்கள் பெரும்பாலும் தட்டச்சுக் கட்டளையில் ஓடுபவை. "லுக் ட்ரீ", "ஓப்பன் டோர்" என்று எழுத வேண்டும். நாம் எழுதும் சொல் அந்த கேமுக்குத் தெரியவில்லை என்றால், விடை தெரிந்திருந்தும் நகர முடியாது. ஆரம்பகால கேம்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது கேம் நிற்காது, அதற்குள் ஓநாய் வந்து கடித்துவிடும். 1990-க்குப் பிறகு எல்லாம் மவுஸுக்கு மாறின.

இரண்டாவது, நான் முட்டுச்சந்து என்று சொல்வது. சியரா கேம்களில் சாவு சகஜம், அதைச் சேவ் செய்து சமாளிக்கலாம். முட்டுச்சந்து அப்படி இல்லை. முதல் மணி நேரத்தில் எடுக்க மறந்த ஒரு பொருள் பத்தாவது மணி நேரத்தில் தேவைப்படும், திரும்பிப் போக வழி இருக்காது, கேமும் அதைச் சொல்லாது. போட்டியாளரான லூகாஸ் ஃபிலிம் கேம்ஸ் 1990 வாக்கில் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. சியரா இன்னும் சில ஆண்டுகள் விடவில்லை. தேர்வு செய்யும்போது நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான்.

மூன்றாவது, ஆங்கிலச் சுமை. இந்தக் கேம்கள் எதுவும் தமிழில் இல்லை. சிலவற்றில் எளிய வாக்கியங்கள், சிலவற்றில் பக்கம் பக்கமாக உரையாடல், சிலவற்றில் அமெரிக்கத் தொலைக்காட்சி தெரிந்தால் மட்டும் சிரிக்க முடிகிற நகைச்சுவை.

நான்காவது, தனியாக ஆடினால் போதுமா, முழுத் தொடருக்கும் நேரம் ஒதுக்க வேண்டுமா என்பது.

ஐந்தாவதை மறைமுகச் செலவு என்று சொல்லலாம். பணம் இதில் சிறிய பகுதிதான். கையேடு இல்லாமல் தாண்ட முடியாத புதிர்கள், வேகமான கணினியில் கோளாறு செய்யும் காட்சிகள், வரைபடம் போட வேண்டிய இடங்கள் என்று நேரத்தைத் தின்பவை நிறைய உண்டு.

## கம்பெனியின் கதையைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிது

கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ் தம்பதி 1979-ல் கலிபோர்னியாவில் ஆன்-லைன் சிஸ்டம்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் இது. எழுத்து மட்டுமே கொண்ட ஒரு குகை விளையாட்டில் மூழ்கிப்போன ராபர்ட்டா, அதே மாதிரி ஒன்றைப் படங்களோடு செய்ய ஆசைப்பட்டார். 1980-ல் ஆப்பிள் 2 கணினிக்காக அவர் கதை எழுதிப் படம் வரைய, கென் புரோகிராம் எழுத, மிஸ்டரி ஹவுஸ் வந்தது. வெறும் கோட்டுப் படங்கள்தான். ஆனால் எழுத்தோடு படமும் சேர்ந்த முதல் அட்வென்ச்சர் கேம் அதுதான். பிளாஸ்டிக் பைகளில் போட்டு விற்றார்கள். அந்த வெற்றியில் யோசெமிட்டி பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள மலையடிவாரத்துக்கு, ஓக்ஹர்ஸ்ட் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். 1982-ல் நிறுவனத்துக்கும் அங்குள்ள சியரா நெவாடா மலைத்தொடரின் பெயரே வந்தது.

1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தபோது சியராவும் மூழ்கப் பார்த்தது. கார்ட்ரிட்ஜ்களில் போட்ட பணம் திரும்பவில்லை, ஆட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. காப்பாற்றியது ஐபிஎம். தன் பிசிஜூனியர் கணினியின் திறனைக் காட்ட ஒரு கேம் வேண்டும் என்று கேட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டது. அப்படிப் பிறந்ததுதான் கிங்ஸ் குவெஸ்ட். பிசிஜூனியர் தோற்றுப்போனது. அதோடு ஒத்துப்போகும் டாண்டி 1000 நன்றாக விற்றது, கிங்ஸ் குவெஸ்டும் அதோடு சேர்ந்து வீடுகளுக்குள் போனது.

அதன் பிறகு கென் செய்த காரியம்தான் என் பார்வையில் சியராவைச் சியராவாக்கியது. கேம் செய்யத் தெரிந்தவர்களை மட்டும் தேடாமல், சொல்வதற்குக் கதை உள்ளவர்களைத் தேடினார். போலீஸ் குவெஸ்டைச் செய்த ஜிம் வால்ஸ், கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் பிரிவில் இருந்தவர். லாரியைச் செய்த ஆல் லோ பள்ளியில் இசை ஆசிரியர். கேப்ரியல் நைட்டின் ஜேன் ஜென்சன் வேறொரு கணினி நிறுவனத்தில் புரோகிராமராக இருந்துவிட்டு எழுத வந்தவர். ஒரு தொடர் ஒருவர் கையில் இருக்கும், அவர் பெயர் பெட்டியின் மேல் இருக்கும். ஆகவே எந்தத் தொடர் என்று கேட்பதும் யாருடைய கை என்று கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நிறுவனம் 1988-ல் பங்குச் சந்தைக்குப் போனது. 1990-ல் டைனமிக்ஸ் என்ற கேம் நிறுவனத்தை வாங்கியது. 1993-ல் தலைமை அலுவலகத்தை வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகருக்கு மாற்றியது, கேம் செய்யும் குழுக்களில் ஒரு பகுதி ஓக்ஹர்ஸ்டிலேயே தங்கியது. சரிவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். எந்தெந்தப் பாகங்களைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதோடு அது பின்னிக் கிடக்கிறது.

## கிங்ஸ் குவெஸ்ட்: ராபர்ட்டாவின் தேவதைக் கதை உலகம்

டேவன்ட்ரி என்ற கற்பனை நாட்டின் அரச குடும்பத்தின் கதை. எட்டு பாகங்கள். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகள், கிரேக்கப் புராணம், மாயக் கண்ணாடி, பேசும் விலங்குகள் எல்லாம் கலந்தது. தொழில்நுட்பத்தில் சியரா எந்தப் புதுமையைச் செய்தாலும் அது பெரும்பாலும் முதலில் இந்தத் தொடரில்தான் இறங்கும். 1988-ல் வந்த நான்காம் பாகம் சவுண்ட் கார்டுக்கென்றே இசை எழுதிக்கொண்டு வந்தது, அதன் நாயகியும் ஒரு பெண். 1990-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் தட்டச்சு போய் மவுஸ் வந்தது, கையால் தீட்டிய ஓவியங்கள் பின்னணிக் காட்சிகளாயின.

ஆனால் முட்டுச்சந்து விஷயத்தில் இந்தத் தொடர்தான் மிக மோசம். ஐந்தாம் பாகத்தில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு திரையைக் கடக்கும். அந்தச் சில நொடிகளில் கையிலுள்ள பழைய காலணியைப் பூனை மேல் எறிய வேண்டும். தவறவிட்டால், பின்னால் கட்டிப்போடப்படும்போது கயிற்றைக் கடித்து விட எலி வராது. அதோடு கதை முடிந்தது. பசிக்கிறதே என்று கையிலுள்ள கஸ்டர்ட் இனிப்புப் பண்டத்தைத் தின்றுவிட்டாலும் அப்படித்தான், அது பிறகு பனிமனிதன் முகத்தில் எறிவதற்கானது. இரண்டாம் பாகத்தில் ஒரு பாலத்தை இத்தனை தடவைதான் கடக்கலாம் என்ற வரம்பு இருக்கிறது. அது நமக்குத் தெரிவதற்குள் பாலம் உடைந்திருக்கும்.

இதற்கெல்லாம் விதிவிலக்காக நிற்பது 1992-ன் ஆறாம் பாகம். ராபர்ட்டாவோடு ஜேன் ஜென்சன் சேர்ந்து எழுதியது. இளவரசன் அலெக்சாண்டர் தீவுக் கூட்டம் ஒன்றுக்குக் காதலியைத் தேடிப் போகிறான். இறுதிக்குப் போக இரண்டு வழிகள். சுருக்கமான வழியில் மாறுவேடம் போட்டுக் கோட்டைக்குள் நுழைந்துவிடலாம். நீண்ட வழியில் இறந்தோர் உலகத்துக்கே போய், மரணத்தின் அதிபதியை அழவைத்து இரண்டு உயிர்களை மீட்க வேண்டும். அந்த நீண்ட வழியைத் தேர்ந்தெடுத்து ஆடுங்கள். மொத்த சியரா வரலாற்றிலும் எனக்கு அதைவிட நெருக்கமான பகுதி வேறு இல்லை. கதையை முடிக்க அந்த வழி தேவையே இல்லை, ஆனாலும் அவ்வளவு உழைப்பை அங்கே கொட்டியிருக்கிறார்கள்.

இதிலும் மறைமுகச் செலவு உண்டு. தர்க்கப் பாறைகள் என்று ஒரு செங்குத்துச் சுவர் வரும், அதன் புதிர்களுக்கு விடை கேமோடு வந்த வழிகாட்டிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. திருட்டு நகலைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. இப்போது விற்கும் பதிப்புகளில் அந்தப் புத்தகம் பிடிஎஃப் கோப்பாகக் கூடவே வருகிறது, தொடங்கும் முன் அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதாளச் சிக்கல்வழிக்குள் செங்கல், சக்கிமுக்கிப் பெட்டி போன்ற பொருள்கள் இல்லாமல் போனாலும் மாட்டிக்கொள்வீர்கள். அதற்குள் நுழையும் முன் தனியாக ஒரு சேவ் போட்டுவிட்டால் போதும்.

வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து ஆட வேண்டும் என்றால் 1994-ன் ஏழாம் பாகம் நல்லது. கார்ட்டூன் படம் மாதிரி இருக்கும், செத்தால் அதே இடத்திலிருந்து மறுபடி தொடரலாம்.

## ஸ்பேஸ் குவெஸ்ட்: விண்வெளித் துப்புரவாளரின் கதை

ரோஜர் வில்கோ ஒரு விண்கலத்தில் துப்புரவுப் பணியாளர். அலமாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்ததால் எதிரிகளின் தாக்குதலில் உயிர் தப்பியவர். மார்க் குரோ, ஸ்காட் மர்ஃபி என்ற இருவர் 1986-ல் தொடங்கிய தொடர். அறிவியல் புனைகதைகளின் பிரம்மாண்டத்தையெல்லாம் கிண்டல் செய்வதுதான் வேலை. ரோஜர் விதவிதமாகச் சாவார், ஒவ்வொரு சாவுக்கும் ஒரு நக்கல் வசனம். சாவதற்காகவே சில இடங்களில் கை வைத்துப் பார்க்கத் தோன்றும், சாவுதான் இங்கே நகைச்சுவையின் பாதி.

பாகங்கள் சிறியவை. ஒரு வார இறுதியில் ஒன்றை முடித்துவிடலாம், நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இது முக்கியம். தொடங்க வேண்டிய இடம் முதல் பாகத்தின் 1991 ரீமேக் அல்லது அதே ஆண்டின் நான்காம் பாகம். இரண்டிலும் மவுஸ் உண்டு. நான்காம் பாகத்தில் ரோஜர் காலத்தில் தாவி, இன்னும் வெளிவராத பன்னிரண்டாம் பாகத்துக்குள்ளும் பழைய முதல் பாகத்துக்குள்ளும் போய்வருவார். அந்த யோசனை இன்றும் புதுசாக இருக்கிறது. சிடி பதிப்பில் அமெரிக்க அறிவிப்பாளர் கேரி ஓவன்ஸின் குரல் கதை சொல்லும், அதை விட்டுவிடாதீர்கள்.

முதல் பாகத்தில் பணம் சேர்க்கச் சூதாட்ட இயந்திரத்தில் ஆட வேண்டும். சேவ் செய்வதும் ஆடுவதும் தோற்றால் திரும்ப ஏற்றுவதுமாக அரை மணி நேரம் வீணாகும். இரண்டாம் பாகத்தில் ஒரு வேற்றுக்கிரக ஜந்து உங்களை முத்தமிட்டு விட்டுவிடும். ஒன்றும் ஆகவில்லையே என்று விளையாடிக்கொண்டே போனால், கேமின் முடிவுக்கு அருகே வயிற்றைக் கிழித்துக்கொண்டு குட்டி வெளியே வரும். இதைவிடப் பெரிய தடை மொழி. ஸ்டார் வார்ஸ், ஸ்டார் டிரெக், 1980-களின் அமெரிக்க விளம்பரங்கள் எல்லாம் தெரிந்திருந்தால்தான் முழுதாகச் சிரிக்க முடியும். தெரியாதவர்களுக்குப் பாதிச் சிரிப்பு போய்விடும்.

## குவெஸ்ட் ஃபார் குளோரி: வளர்ந்துகொண்டே போகும் நாயகன்

லோரி கோல், கோரி கோல் தம்பதியின் படைப்பு. 1989-ல் ஹீரோஸ் குவெஸ்ட் என்ற பெயரில்தான் வந்தது. மில்டன் பிராட்லி நிறுவனத்தின் பலகை விளையாட்டோடு பெயர் மோதியதால் மாற்ற வேண்டியதாயிற்று. மேசையில் பகடை உருட்டி ஆடும் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளில் ஊறியவர்கள் இருவரும். அந்த அனுபவத்தை அட்வென்ச்சரோடு கலந்தார்கள்.

தொடக்கத்தில் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பூட்டிய கதவை வீரன் உடைப்பான், மந்திரவாதி மந்திரத்தால் திறப்பான், திருடன் கள்ளச்சாவி போடுவான். கல் எறிந்தால் எறியும் திறன் கூடும், மரம் ஏறினால் ஏறும் திறன் கூடும். ஒரு பாகத்தை முடித்ததும் அந்த நாயகனை ஒரு கோப்பில் சேமித்து அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகலாம். ஜெர்மானியப் பள்ளத்தாக்கு, அரபுப் பாலைவனம், ஆப்பிரிக்கச் சமவெளி, ஸ்லாவிய மலைநாடு, கிரேக்கத் தீவு என ஐந்து பாகங்களும் ஐந்து நிலங்கள். முதல் பாகத்தில் கல் எறிந்து பழகிய அதே ஆள் ஐந்தாம் பாகத்தில் ஒரு நாட்டையே காக்கிறான். வேறெந்தத் தொடரிலும் இந்த உணர்வு கிடைக்கவில்லை.

புதிர்களுக்குப் பல விடைகள் இருப்பதால் முட்டுச்சந்து குறைவு. ஆனால் நாள்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், இரவில் காட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது. சண்டை உண்டு, அதற்காகத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்ய வேண்டியும் இருக்கும். புதிர் மட்டும் பிடிக்கும் என்பவர்களுக்கு இது அலுக்கலாம்.

முதல் பாகத்தின் 1992 ரீமேக்கில் தொடங்குங்கள், மவுஸில் ஆடலாம். சிக்கல் இரண்டாம் பாகத்தில் வருகிறது. சியரா அதற்கு மவுஸ் வடிவமே செய்யவில்லை. நகரத்துச் சந்துகள் ஒரு பெரிய சிக்கல்வழி, அதன் வரைபடம் பெட்டிக்குள் வந்த காகிதத்தில். ரசிகர்கள் நடத்தும் ஏஜிடி இன்டராக்டிவ் என்ற குழு 2008-ல் இதற்கு ஒரு மவுஸ் ரீமேக் செய்து இலவசமாகக் கொடுத்தது. முதல் பாகத்தின் நாயகனை அதற்குள் கொண்டுவரவும் முடியும். ரசிகர்களின் இந்த வேலை இல்லாவிட்டால், புதியவர்களுக்கு இந்தத் தொடரைப் பரிந்துரைக்கவே தயங்கியிருப்பேன். நான்காம் பாகம் அவசரமாக வெளியிடப்பட்டதால் முதலில் பிழைகள் மலிந்து வந்தது. அதன் பிறகு வந்த சிடி பதிப்பை மட்டும் எடுங்கள், நடிகர் ஜான் ரீஸ்-டேவிஸின் குரல் அதில்தான் இருக்கிறது.

## கேப்ரியல் நைட்: பெரியவர்களுக்கான மர்மக் கதை

1993-ன் முதல் பாகம் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடக்கிறது. விற்காத நாவல்களை எழுதும் கேப்ரியல், வூடூ என்ற மாந்திரீக வழிபாட்டோடு தொடர்புள்ள கொலைகளை ஆராயப் போய்த் தன் குடும்பத்தின் பழைய சாபத்தில் கால் வைக்கிறான். கதை பத்து நாள்களாகப் பிரிந்திருக்கும். ஒரு நாளில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அடுத்த நாளுக்குப் போக முடியாது, அதனால் முட்டுச்சந்து பயம் வெகுவாகக் குறைகிறது. கேப்ரியலுக்கு டிம் கரி, காவல் அதிகாரி நண்பனுக்கு மார்க் ஹாமில் என்று தொழில்முறை நடிகர்களின் குரல்.

ஆங்கிலச் சுமை நான்கிலும் இங்கேதான் அதிகம். விசாரணை விசாரணையாக உரையாடல் நீளும், வரலாறும் மதமும் பேசப்படும். படிக்கப் பிடித்தவர்களுக்கு அதுவே கொண்டாட்டம். பிள்ளைகளோடு ஆட ஏற்றதல்ல.

இரண்டாம் பாகம் (1995) முழுக்க நடிகர்களை வைத்துப் படம் பிடித்தது. ஆறு சிடிகளில் வந்தது. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்கையும் ஓநாய் மனிதக் கதையையும் சேர்த்துக் கட்டிய கதை அபாரமானது. வீடியோவின் தரம் இன்றைய திரையில் மங்கலாகத் தெரியும், அதை மன்னித்துவிடலாம். மூன்றாம் பாகத்தில் (1999) பூனை மயிரை ஒட்டுநாடாவில் பிடித்து மீசை செய்யும் புதிர் இழிபுகழ் பெற்றது. அதைத் தாண்டினால் பாகத்தின் பிற்பகுதி மிக நன்றாக இருக்கிறது. 2014-ல் முதல் பாகத்துக்கு ஜென்சனே ஒரு ரீமேக் செய்தார். படம் தெளிவு, ஆனால் குரல்கள் வேறு. நான் பழையதையே எடுப்பேன்.

## போலீஸ் குவெஸ்ட், லாரி

போலீஸ் குவெஸ்ட் முதல் பாகத்தில் ரோந்து காரை எடுக்கும் முன் அதைச் சுற்றி நடந்து பரிசோதிக்க வேண்டும், செய்யாவிட்டால் டயர் பஞ்சராகும். எல்லாமே விதிப்புத்தகப்படி. அந்த ஒழுங்கு பிடித்தவர்களுக்கு 1992 ரீமேக் நல்ல கேம், மற்றவர்களுக்கு வேண்டாம். லெஷர் சூட் லாரி பாலியல் நகைச்சுவை. அந்தக் காலத்தில் பரபரப்பாக விற்றது, பெண்களைப் பார்க்கும் விதம் இன்று சலிப்பூட்டுகிறது. இதை முதல் கேமாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | கிங்ஸ் குவெஸ்ட் | ஸ்பேஸ் குவெஸ்ட் | குவெஸ்ட் ஃபார் குளோரி | கேப்ரியல் நைட் |
|---|---|---|---|---|
| தொடங்கும் இடம் | 6-ம் பாகம் (1992) | 1-ன் ரீமேக் அல்லது 4 (1991) | 1-ன் ரீமேக் (1992) | 1-ம் பாகம் (1993) |
| முட்டுச்சந்து | 6-ல் சில, மற்றவற்றில் நிறைய | ஆங்காங்கே | குறைவு | மிகக் குறைவு |
| ஆங்கிலச் சுமை | மிதம் | மிதம், ஆனால் அமெரிக்க நகைச்சுவை | அதிகம் | மிக அதிகம் |
| தனியாக ஆடலாமா | தாராளமாக | தாராளமாக | முழுத் தொடராக ஆடினால்தான் பலன் | முதல் பாகம் தனியாக நிற்கும் |
| மறைமுகச் செலவு | வழிகாட்டிப் புத்தகப் புதிர் | சூதாட்ட இயந்திரம், வேகக் கோளாறு | பயிற்சி, 2-ம் பாகத்தின் தட்டச்சு | நீண்ட வாசிப்பு |

## வாங்குவதும் ஓட்டுவதும்

ஜிஓஜி, ஸ்டீம் என்ற இணையக் கேம் கடைகள் இரண்டிலும் இந்தத் தொடர்கள் கிடைக்கின்றன. ஜிஓஜி பதிப்புகளைச் சொல்வேன், கையேடுகள் கூடவே வருகின்றன, கோப்புகளை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்புகளை ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளில் ஏற்றி ஆடுவது இன்னும் நல்லது. பழைய வேகக் கோளாறுகள் பல அதில் சரி செய்யப்பட்டிருக்கின்றன, ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். கிங்ஸ் குவெஸ்ட் ஆறாம் பாகத்தின் சிடி பதிப்பில் முன்பு குரல் அல்லது எழுத்து, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். ஸ்கம்விஎம்மில் இரண்டையும் சேர்த்து வைக்கலாம். உச்சரிப்புப் பிடிபடாதவர்களுக்கு இது பெரிய உதவி.

பழைய பெட்டிகளை விலைக்குத் தேடுவது சேகரிப்பாளர்களுக்கு மட்டும். ஃபிளாப்பிகள் காலப்போக்கில் கெட்டுப்போகும், படிக்க டிரைவும் வேண்டும்.

எதை ஆடினாலும் ஒரே சேவ் கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். ஒவ்வொரு பெரிய இடத்துக்கும் தனிக் கோப்பு போடுங்கள்.

## எந்தப் பாகங்களைத் தள்ளிவைப்பது

1996-ல் சியரா விற்கப்பட்டது. வாங்கியது சியுசி இன்டர்நேஷனல், உறுப்பினர் கட்டணம் வாங்கித் தள்ளுபடி ஷாப்பிங் திட்டங்கள் நடத்திய நிறுவனம். கேமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதன் தலைவர் வால்டர் ஃபோர்ப்ஸ் ஏற்கெனவே சியராவின் இயக்குநர் குழுவில் இருந்தவர். விலை நூறு கோடி டாலருக்கு மேல், அதுவும் பங்குகளாக. 1997-ல் கென் வெளியேறினார். அந்த ஆண்டு இறுதியில் சியுசி இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து சென்டன்ட் ஆனது. 1998 ஏப்ரலில் சியுசியின் கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய் என்று வெளிவந்தது, சென்டன்ட் பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. ஃபோர்ப்ஸ் பின்னாளில் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். மென்பொருள் பிரிவு பிரான்சின் விவெண்டி குழுமத்துக்குக் கைமாறியது.

1999 பிப்ரவரி 22, திங்கட்கிழமை, ஓக்ஹர்ஸ்ட் ஸ்டூடியோ மூடப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அந்தச் சிற்றூரில் அவ்வளவு பேருக்கு வேறு கேம் வேலை ஏது? என்னைக் கோபப்படுத்துவது இதுதான்: சியராவின் பெயர் அப்போது தேய்ந்துபோயிருக்கவே இல்லை. மூன்று மாதம் முன்பு, 1998 நவம்பரில், வால்வ் செய்த ஹாஃப்-லைஃபைச் சியராதான் வெளியிட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஹோம்வேர்ல்ட் என்ற கேமும் வந்தது. பிறர் செய்ததை வெளியிடும் நிறுவனமாக அது உச்சத்தில் இருந்தது. தன் ஆட்களை வைத்துச் செய்வதை மட்டும் விட்டுவிட்டது. டைனமிக்ஸ் 2001-ல் மூடப்பட்டது. 2008-ல் விவெண்டி கேம்ஸ் ஆக்டிவிஷனோடு இணைந்த பிறகு பெயரும் ஓய்ந்தது. 2014-ல் சிறிது காலம் அதை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். இன்று உரிமைகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்ட்டிடம்.

இந்தக் கொந்தளிப்பின் நடுவே முடிக்கப்பட்டவை மூன்று: கிங்ஸ் குவெஸ்ட் எட்டாம் பாகம் (1998), குவெஸ்ட் ஃபார் குளோரி ஐந்தாம் பாகம் (1998), கேப்ரியல் நைட் மூன்றாம் பாகம். மூன்றுமே முப்பரிமாணத்துக்குத் தாவியவை. கிங்ஸ் குவெஸ்ட் எட்டில் வாள் சண்டை முன்னுக்கு வந்து, ராபர்ட்டாவின் கை மங்கித் தெரிகிறது. அதை ஆடாமலே விடலாம். குளோரி ஐந்து குறைகளோடும் தொடரின் நாயகனுக்கு முறையான விடை கொடுக்கிறது, முதல் நான்கையும் ஆடியவர்கள் கட்டாயம் ஆட வேண்டும். கேப்ரியல் மூன்றை, முதல் இரண்டும் மனதில் நின்றால் மட்டும் எடுங்கள். ஸ்பேஸ் குவெஸ்டுக்கு இந்தக் கவலை இல்லை. ஆறோடு நின்றுபோனது, ஏழாம் பாகம் பாதியில் கைவிடப்பட்டது.

## என் தேர்வு

ஒரே ஒரு சியரா கேம்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் கிங்ஸ் குவெஸ்ட் ஆறு, நீண்ட வழியில். இரண்டு மூன்று மாதம் மாலை நேரங்களை ஒதுக்க முடியும் என்றால் யோசிக்காமல் குவெஸ்ட் ஃபார் குளோரி. முதல் தடவை மந்திரவாதியாகப் போங்கள், சண்டைத் தொல்லை குறையும். துப்பறியும் நாவல் படிக்கிறவர், ஆங்கிலம் தடையில்லை என்றால் கேப்ரியல் நைட் ஒன்று. ஒரே வார இறுதிதான் இருக்கிறது, விண்வெளிப் படங்கள் பார்த்து வளர்ந்தவர் என்றால் ஸ்பேஸ் குவெஸ்ட் நான்கு.

கிங்ஸ் குவெஸ்ட் முதல் பாகத்தை இவற்றில் ஒன்றை முடித்த பிறகு எடுங்கள். அப்போதும் ஏஜிடி குழுவின் இலவச ரீமேக்கை முதலில் ஆடிவிட்டு, பிறகு 1984-ன் அசலைத் திறந்தால் புதிர்கள் ஏற்கெனவே பழகியிருக்கும். ஐபிஎம் கேட்டதற்காக ஒரு சிறிய குழு பதினாறு நிறங்களில் என்ன செய்து காட்டியது என்பதை நிதானமாகப் பார்க்கலாம்.